கணினி வியூக விளையாட்டுகள்: விலைக்குப் பின்னால் இருக்கும் வணிகம்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளிடமிருந்து ஒரு கோரிக்கை வருவது வழக்கம். ஏதோ ஒரு கணினி விளையாட்டு வேண்டும், அது இரண்டாயிரமோ ஐந்தாயிரமோ ரூபாய். செல்போனில் எத்தனையோ விளையாட்டுகள் காசில்லாமல் கிடைக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று பெற்றோர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வியூக விளையாட்டுகள் என்ற வகையில் இந்தக் கேள்விக்கான பதில் மற்ற விளையாட்டுகளின் பதிலிலிருந்து நிறையவே வேறுபடுகிறது. அதைத் தெரிந்துகொண்டால் எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் இருப்பது என்று வீட்டில் முடிவெடுப்பது எளிதாகும்.

வியூக விளையாட்டு என்றால் சதுரங்கத்தின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாட்டையோ படையையோ நகரத்தையோ கையில் கொடுத்துவிடுவார்கள். வரி, உணவு, சாலை, கூட்டணி, போர் எல்லாவற்றையும் ஆடுபவரே யோசித்து நடத்த வேண்டும். கைவேகத்திற்கு இங்கே பெரிய வேலை இல்லை. ஒரே ஆட்டம் வாரக்கணக்கில் நீளும். இதில் ஓரளவு பிரபலமானவையும் உண்டு. ஆனால் இரண்டாம் உலகப் போரின் ஒரு போர்முனையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படைப்பிரிவையும் தனித்தனியே நகர்த்த வைக்கும் விளையாட்டுகளை வாங்குவோர் உலகம் முழுவதும் தேடினாலும் குறைவுதான். இந்தச் சிறு கூட்டத்தை நம்பித்தான் அந்தத் தொழில் ஓடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஐந்து பேர் சேர்ந்து மூன்று ஆண்டு உழைத்து ஒரு விளையாட்டைச் செய்கிறார்கள் என்று கொள்வோம். ஆளுக்கு மாதம் 3,000 டாலர் சம்பளம். மூன்று ஆண்டில் 5,40,000 டாலர் செலவு. கணினி விளையாட்டுகளின் மிகப் பெரிய இணையக் கடையான ஸ்டீம், விற்பனையில் 30 சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. விலை 20 டாலர் என்றால் செய்தவர் கைக்கு 14 டாலர்தான் வரும். போட்ட காசை எடுக்கவே 38,500 பிரதிகளுக்கு மேல் விற்க வேண்டும். விலையை 40 ஆக்கினால் ஏறத்தாழ 19,300 பிரதிகள் போதும். 80 ஆக்கினால் 9,650க்குள் முடிந்துவிடும்.

இந்த வகை விளையாட்டில் ஆர்வமுள்ளவர்களே உலகில் 12,000 பேர்தான் என்றால்? 20 டாலர் விலை வைத்தவர் அத்தனை பேருக்கும் விற்றாலும் நஷ்டம்தான். விலையைக் குறைத்தால் கூட்டம் கூடும் என்ற கடைத்தெருக் கணக்கு இங்கே வேலை செய்வதில்லை. முந்நூறு பக்கக் கையேட்டைப் படிக்கத் தயாராக இல்லாதவர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். படிக்கத் தயாராக இருப்பவர் இரண்டு மடங்கு விலைக்கும் வாங்குவார். (ஸ்டீமின் பங்கு 2018 இறுதியிலிருந்து ஒரு கோடி டாலர் விற்பனையைத் தாண்டினால் 25 சதவீதமாகவும், ஐந்து கோடியைத் தாண்டினால் 20 சதவீதமாகவும் குறைகிறது. சிறிய நிறுவனங்கள் அந்த உயரத்தை எட்டுவதில்லை என்பதால் சலுகை போய்ச் சேருவது பெரியவர்களுக்கே.)

1980இலேயே 60 டாலர்

இந்த விலை முறை இன்று வந்ததல்ல. ஜோயல் பில்லிங்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 1979இல் ஸ்ட்ரடீஜிக் சிமுலேஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் விளையாட்டான கம்ப்யூட்டர் பிஸ்மார்க் 1980இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்றைப் பிரிட்டிஷ் கடற்படை வேட்டையாடிய கதைதான் ஆட்டம். ஆப்பிள் 2 கணினி வைத்திருந்தவர்களின் முகவரிகளைத் திரட்டி, அஞ்சலில் விளம்பரத் தாள்கள் அனுப்பி ஆள் சேர்த்தார். விலை 59.95 டாலர். இன்றைய பண மதிப்பில் இது 200 டாலரைத் தாண்டும். விற்றது சில ஆயிரம் பிரதிகள். அந்த வருமானத்தில் நிறுவனம் நிலைத்து நின்றது.

அதே பில்லிங்ஸ், வடிவமைப்பாளர் கேரி கிரிக்ஸ்பியுடன் சேர்ந்து, முப்பது ஆண்டு கழித்து வார் இன் தி ஈஸ்ட் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். 1941 முதல் 1945 வரை ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் நடந்த போர் அதன் களம். ஒரு சுற்று என்பது ஒரு வாரம். முழுப் போரையும் ஆட இருநூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள் வேண்டும். 2010 டிசம்பரில் வந்தபோது விலை ஏறத்தாழ 80 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 6,800 ரூபாய். வெளியிட்ட மேட்ரிக்ஸ் கேம்ஸ் அந்த ஆண்டுதான் பிரிட்டனின் ஸ்லிதரின் நிறுவனத்தோடு இணைந்திருந்தது. நீண்ட காலம் இவர்கள் ஸ்டீம் பக்கம் போகாமல் தங்கள் தளத்திலேயே விற்றுவந்தார்கள். 2021இல் வந்த இதன் இரண்டாம் பாகத்துக்கும் அதே விலைதான்.

இவர்களுக்கு இன்னொரு வருமான வழியும் உண்டு. 2013இல் வந்த கமாண்ட் என்ற நவீன கடல், வான் போர் விளையாட்டுக்கு, ராணுவங்களும் பாதுகாப்பு ஆய்வு அமைப்புகளும் பயன்படுத்துவதற்கென்றே ஒரு தனிப் பதிப்பு இருக்கிறது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வுக்கூடம் அதன் வாடிக்கையாளர்களில் ஒன்று. வீட்டில் ஆடுபவர் கொடுக்கும் காசும் அரசு கொடுக்கும் காசும் ஒரே மென்பொருளைத்தான் வளர்க்கின்றன.

துண்டு துண்டாக விற்பது

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பாரடாக்ஸ் இன்டராக்டிவ் வேறு பாதையில் போனது. அடிப்படை ஆட்டத்தை நடுத்தர விலைக்கு விற்பது, பிறகு ஆண்டுக்கணக்கில் விரிவாக்கங்களைத் தனித்தனியே விற்பது. டிஎல்சி என்று பிள்ளைகள் சொல்வது இந்த விரிவாக்கங்களைத்தான்.

நம் வாசகர்களுக்கு இதில் சுவாரசியமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012 பிப்ரவரியில் வந்த குரூசேடர் கிங்ஸ் 2, சிலுவைப் போர்க் காலத்து அரச குடும்பங்களைப் பற்றியது. கெய்ரோவும் பாக்தாதும் வரைபடத்தில் இருந்தன. முஸ்லிம் ஆட்சியாளர்களும் இருந்தார்கள், படை நடத்தினார்கள். ஆனால் அவர்களில் ஒருவராக நாம் ஆட முடியாது. கிறிஸ்தவ மன்னர்களாக மட்டுமே ஆடலாம். முஸ்லிம் ஆட்சியாளராக ஆட வேண்டுமென்றால் அந்த ஆண்டு ஜூனில் வந்த ஸ்வார்ட் ஆஃப் இஸ்லாம் என்ற விரிவாக்கத்தைத் தனியாக 10 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். வணிகக் குடியரசுகளுக்கு இன்னொரு விரிவாக்கம். 2014இல் ராஜாஸ் ஆஃப் இந்தியா வந்தபோது வரைபடம் இந்தியா வரை நீண்டது, சோழர்களும் அதில் வந்தார்கள். நீண்ட வரைபடம் எல்லோருக்கும் இலவசம். இந்திய மன்னராக ஆட மட்டும் கட்டணம்.

இதைப் பாரபட்சம் என்று சொல்லலாம். நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இஸ்லாமிய ஆட்சிகளின் வாரிசு முறையும் நிர்வாகமும் ஐரோப்பிய நிலப்பிரபுத்துவத்திலிருந்து வேறானவை. அவற்றைத் தனியே ஆராய்ந்து உருவாக்கச் செலவு ஆகும், அந்தச் செலவை ஈடுகட்ட விற்பனை வேண்டும். 2020இல் மூன்றாம் பாகம் வந்தபோது முஸ்லிம் ஆட்சியாளர்களும் இந்திய மன்னர்களும் அடிப்படை ஆட்டத்திலேயே ஆடக் கிடைத்தார்கள். முதல் பாகங்களில் துண்டாக விற்ற காசுதான் அதற்கு வழி செய்தது என்பது எங்கள் எண்ணம்.

இந்த முறையின் நன்மையைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு விரிவாக்கத்தோடும் ஓர் இலவச மேம்பாடும் வரும், அது எதையும் வாங்காதவருக்கும் கிடைக்கும். 2013இல் வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 பத்தாண்டுக்கும் மேலாக மெருகேறிக்கொண்டே இருந்தது இப்படித்தான். ஒரு முறை விற்று முடிந்த விளையாட்டுக்கு யாரும் பத்தாண்டு சம்பளம் கொடுப்பதில்லை.

கெடுதலும் அதே அளவுக்கு உண்டு. பத்து ஆண்டு கழித்துப் புதிதாக வரும் பிள்ளை, எல்லா விரிவாக்கங்களின் விலையையும் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான டாலர் வரும். ஒரு விளையாட்டுக்கு ஒரு சைக்கிளின் விலை! இதை நிறுவனமும் உணர்ந்தது. 2019 அக்டோபரில் குரூசேடர் கிங்ஸ் 2இன் அடிப்படை ஆட்டத்தை இலவசமாக்கியது. 2021இல் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4க்குச் சந்தா முறை வந்தது. மாதம் 4.99 டாலர் கட்டினால் எல்லா விரிவாக்கங்களும் திறக்கும் என்பது அறிமுகத் திட்டம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஆடிவிட்டுப் பள்ளி திறந்ததும் நிறுத்திவிடும் பிள்ளைக்கு இதுதான் மலிவு. நிறுத்த மறந்தால் மலிவு போய்விடும்.

வாடிக்கையாளர் சிறு கூட்டம் என்பதால் அவர்களின் கோபமும் உடனே எட்டுகிறது. 2017இல் பாரடாக்ஸ் பல நாடுகளில் விலையை ஏற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய விலைக்கே திரும்பியது. 2021 ஏப்ரலில் வந்த லெவயதன் என்ற விரிவாக்கம் பிழைகள் மலிந்து வந்து, ஸ்டீமிலேயே மிக மோசமான மதிப்பீடு பெற்றவற்றில் ஒன்றானது. தயாரிப்புத் தலைமை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. 2019இல் வந்த இம்பரேட்டர்: ரோம் இன்னும் பெரிய பாடம் கற்பித்தது. முதலில் வந்த ஆட்டம் மெலிந்திருந்தது, ஆடியவர்கள் விலகிப்போனார்கள், 2021இல் பணி நிறுத்தப்பட்டது. பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விற்கும் முறை, வாங்கியவர் காத்திருந்தால்தான் நடக்கும்.

தள்ளுபடியே தராதவர்கள்

ஸ்டீமில் ஆண்டுக்குச் சில முறை பெரிய தள்ளுபடி விழா நடக்கும். 50, 75 சதவீதம் குறைவது சாதாரணம். அதனால் பலர் வெளியான அன்று வாங்குவதே இல்லை. செக் குடியரசின் பிராக் நகரில் உள்ள வூப் சாஃப்ட்வேர் இதற்கு உடன்படவில்லை. தொழிற்சாலை கட்டும் ஃபேக்டோரியோ என்ற அவர்களின் விளையாட்டு ஒருபோதும் தள்ளுபடிக்கு வந்ததில்லை. 2016இல் ஸ்டீமுக்கு வந்தபோது 20 டாலர். 2018இல் 30. பணவீக்கத்தைக் காரணம் காட்டி 2023 ஜனவரியில் 35. பழைய விளையாட்டின் விலை ஏறுவது இந்தத் துறையில் அபூர்வம். நேற்று வாங்கியவர் இன்று ஏமாந்ததாக உணரக் கூடாது என்பது இந்தக் கொள்கையின் நல்ல பக்கம். ஊதியம் குறைந்த நாடுகளில் இருப்பவருக்கு இது கடினம்தான்.

இந்த நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. விளையாட்டைத் திறக்கும் குறியீடுகளை மலிவாக விற்கும் மறுவிற்பனைத் தளங்கள் உண்டு. திருட்டுக் கடன் அட்டையில் குறியீடுகளை வாங்கி அங்கே தள்ளிவிடுகிறார்கள் என்பது சிறு நிறுவனங்களின் நெடுநாள் புகார். அட்டைக்குச் சொந்தக்காரர் வங்கியில் முறையிட்டால் காசு திரும்பப் போகும், அபராதமும் செய்தவர் தலையில் விழும். 2020இல் ஜி2ஏ என்ற அத்தகைய தளம், முறைகேடாகப் பெறப்பட்ட 198 ஃபேக்டோரியோ குறியீடுகள் தன் வழியாக விற்கப்பட்டதை ஒப்புக்கொண்டு வூப் நிறுவனத்துக்கு 39,600 டாலர் கொடுத்தது. பாதி விலைக்குக் குறியீடு கிடைக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் எந்தத் தளத்திலிருந்து என்று கேளுங்கள்.

நன்கொடையில் பதினாறு ஆண்டு

அமெரிக்காவின் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்ற விளையாட்டை 2006இல் வெளியிட்டார்கள். பூமிக்கடியில் ஒரு குடியேற்றத்தைக் கட்டிக் காக்கும் ஆட்டம். படங்கள் கிடையாது, எழுத்துகளும் குறிகளும்தான் திரையில். விலை இல்லை. விரும்பியவர்கள் நன்கொடை கொடுப்பார்கள், வந்த தொகையை மாதந்தோறும் தங்கள் தளத்தில் வெளியிடுவார்கள். எளிமையான வாழ்க்கைக்கு அது போதுமாக இருந்தது. பிறகு சாக்குக்குத் தோல் புற்றுநோய் வந்தது. அமெரிக்காவில் நோயாளியாவது என்றால் என்னவென்று அங்கே உறவினர் வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தெரியும். நன்கொடையை மட்டும் நம்பி இனி இருக்க முடியாது என்று 2019இல் அவர்கள் முடிவெடுத்தார்கள்.

கிட்ஃபாக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் துணையோடு, படங்கள் சேர்த்த பதிப்பு 2022 டிசம்பர் 6 அன்று 29.99 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அந்த டிசம்பர் மாதக் கணக்கில் சகோதரர்களின் வரவு ஏறத்தாழ 15,000 டாலர். விற்பனைப் பணம் வந்துசேர்ந்த ஜனவரிக் கணக்கில் 70 லட்சம் டாலருக்கு மேல். பதினாறு ஆண்டு இலவசமாக ஆடியவர்களும் காசு கொடுத்து வாங்கினார்கள். எழுத்துக் குறிகளோடு கூடிய பழைய பதிப்பு இன்றும் அவர்கள் தளத்தில் இலவசம்தான்.

பாதி முடிந்த நிலையிலேயே விற்று, வந்த காசில் மீதியைச் செய்து முடிக்கும் முறையும் உண்டு. ஸ்டீமில் இது 2013இல் வந்தது. 2018இல் முழுமையடைந்த ரிம்வேர்ல்ட் இதில் வென்ற பெயர். பாதியிலேயே கைவிடப்பட்டவையும் ஏராளம் என்பதால், வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுப்பதாக நினைத்துக்கொள்வது நலம்.

இலவசம் என்று வருபவை

செல்போனில் வியூக விளையாட்டு என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் வேறு இனம். பின்லாந்தின் சூப்பர்செல் 2012இல் வெளியிட்ட கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் அதன் முன்னோடிகளில் ஒன்று. இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். ஒரு கட்டடம் எழும்ப மணிக்கணக்கில், பிறகு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் ரத்தினக் கற்களைக் காசுக்கு வாங்கி உடனே முடிக்கலாம். இங்கே விற்கப்படுவது விளையாட்டல்ல, பொறுமையின்மை. ஆடும் பலரில் சிலர் கொடுக்கும் பெருந்தொகையில்தான் லாபம். அந்தச் சிலரில் அப்பாவின் அட்டையை வைத்திருக்கும் ஒரு குழந்தையும் இருக்கலாம். பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகள் வாங்கியவற்றுக்காக ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 2014இல் உடன்பாடு செய்ய நேர்ந்தது.

இதைவிடக் கவலைக்குரியது லூட் பாக்ஸ் எனப்படும் அதிர்ஷ்டப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே காசு கொடுத்துத் திறப்பது. பெல்ஜியம் 2018இல் இதைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. சூதை விலக்கி வாழும் குடும்பங்கள் விளையாட்டின் பெயரைப் பார்ப்பதைவிட அதில் இந்தப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். நாம் இதுவரை பேசிய கணினி வியூக விளையாட்டுகளில் இது இல்லை.

உண்மையாகவே இலவசமானவையும் உண்டு. ஃப்ரீசிவ், 2003இல் தொடங்கிய பேட்டில் ஃபார் வெஸ்நாத், பண்டைய நாகரிகங்களைக் கொண்ட ஜீரோ ஏடி ஆகிய மூன்றும் தன்னார்வலர்கள் உருவாக்கியவை. விளம்பரம் இல்லை, உள்ளே விற்பனை இல்லை. பிள்ளைக்கு இந்த வகை பிடிக்கிறதா என்று பார்க்க இவற்றில் தொடங்கலாம்.

வாங்குவதற்கு முன்

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். வியூக விளையாட்டில் இரண்டு மணி நேரம் என்பது அடிப்படைகளைக் கற்கவே போதாது. ஆனாலும் நம் கணினியில் ஓடுகிறதா, பிள்ளைக்குப் பொறுமை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விரிவாக்கங்களை முதல் நாளே வாங்க வேண்டாம். அடிப்படை ஆட்டத்தை ஒரு மாதம் ஆடட்டும்.

இந்தியாவில் ஸ்டீம் 2015 முதல் ரூபாயில் விற்கிறது, பல விளையாட்டுகளுக்கு இங்கே டாலர் விலையைவிடக் குறைவு. இலங்கையில் டாலரில்தான். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் அங்குள்ள கணக்கில் வாங்கி ஊரில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதில் சிக்கல் உண்டு. 2024இல் வந்த குடும்பப் பகிர்வு வசதியில் ஆறு பேர் வரை சேரலாம், ஒருவர் வாங்கியதை மற்றவர் ஆடலாம், பிள்ளை வாங்க விரும்புவதைப் பெற்றோர் ஒப்புதல் தந்து வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே வீட்டில் ஒரே நாட்டில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு ஊரிலேயே ஒரு கணக்கு தொடங்குவதுதான் சரி.

நாமே ஒன்றைச் செய்து விற்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளும் இன்று இருக்கிறார்கள். நெதர்லாந்தின் ஒரே ஒரு வடிவமைப்பாளர் உருவாக்கிய ஷேடோ எம்பயர் 2020இல் 40 டாலருக்கு வந்து தனக்கென ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தைப் பிடித்தது. ஸ்டீமில் ஒரு விளையாட்டை வெளியிடக் கட்டணம் 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்த நூறு திரும்பி வரும். மேலே நாம் போட்ட கணக்கில் ஐந்து பேர் சம்பளத்துக்குப் பதில் ஒருவரின் மூன்று ஆண்டுச் செலவை வைத்தால் 1,08,000 டாலர். 40 டாலர் விலையில், கடையின் பங்கு போக, ஏறத்தாழ 3,860 பிரதிகள் விற்க வேண்டும்.